அம்மாக்கள் இருக்கும்போதே: டி.என்.ஏ பற்றி நாங்களும் ஏன் கதைக்க வேணும்

எங்கேயாவது ஒரு புதைகுழி வெளிவந்தால் அடுத்த சில மணித்தியாலங்களில் முகநூல் முழுக்க ஒரு வசனம் ஓடித் திரியும்: "டி.என்.ஏ ரெஸ்ற் எடுத்தா எல்லாம் தெரிஞ்சிடும்தானே." 2023 இல் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய் பதிக்க வெட்டிய இடத்தில் எலும்புகள் வந்தபோது இந்த வசனம் வந்தது. 2025 இல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் தகனமேடைக்காகக் கிண்டிய இடத்தில் எலும்புகள் வந்து, நீதிமன்ற மேற்பார்வையில் நடந்த அகழ்வில் எலும்புக்கூடுகளின் எண்ணிக்கை இருநூறைத் தாண்டியபோதும் வந்தது. அடுத்த குழி வெளிவரும்போதும் வரும்.

இந்த வசனத்தில் பாதிதான் சரி. டி.என்.ஏ பரிசோதனை என்பது ஒப்பிட்டுப் பார்க்கிற வேலை. எலும்பிலிருந்து எடுத்தது ஒரு பக்கம், உயிரோடு இருக்கிற ஒரு உறவிடமிருந்து எடுத்தது மற்றப் பக்கம். இரண்டாவது பக்கம் இல்லாவிட்டால் முதலாவதால் ஒரு பெயரையும் சொல்ல ஏலாது. உலகத்தின் மிகச் சிறந்த ஆய்வுகூடத்துக்கு அனுப்பினாலும் "இது ஒரு ஆண், இன்ன மாதிரியான டி.என்.ஏ" என்பதற்கு மேல் பெரிதாக ஒன்றும் வராது. யாருடைய பிள்ளை என்பதைச் சொல்ல, அந்த யாரோ ஒருவர் வேணும்.

அந்த யாரோ ஒருவருக்கு இப்ப வயது போய்க்கொண்டிருக்கிறது. 1996 இல் யாழ்ப்பாணத்தில் மகனைத் தொலைத்தபோது 45 வயதாக இருந்த அம்மா இன்று எழுபதுகளின் நடுவில் இருக்கிறார். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் உறவினர்களின் தொடர் போராட்டம் தொடங்கியபோது முன்வரிசையில் இருந்த பலர் இன்று இல்லை. ஆகவே எங்கட நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். குழிகள் தோண்டி முடியும்வரை காத்திருக்காமல், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்களிடமிருந்து மாதிரி எடுப்பதை இப்பவே, வயதானவர்களிலிருந்து தொடங்க வேணும். அதற்கு முன்நிபந்தனையாக வேண்டிய பாதுகாப்புகளையும் நாங்கள் சேர்ந்து கேட்டு வாங்க வேணும்.

கலைப்பீடத்தில் படிக்கிறவர்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். டி.என்.ஏ என்றால் உயர்தரத்தில் பயோ படிச்ச ஆக்களின் சாமான் என்றொரு நினைப்பு எங்களிடையே இருக்கிறது. ஆனால் இந்த மூலக்கூறு எப்படி அமைந்திருக்கிறது என்று விளங்காமல் மேலே சொன்ன கோரிக்கையின் அவசரமும் விளங்காது. அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

முறுக்கிய ஏணி

எங்கட உடம்பின் அநேகமான ஒவ்வொரு கலத்திலும் ஒரு கரு இருக்கிறது. அதற்குள் 46 நிறமூர்த்தங்கள், 23 சோடிகளாக. சோடியில் ஒன்று அம்மா தந்தது, மற்றது அப்பா தந்தது. நிறமூர்த்தம் என்பது, புரதங்களைச் சுற்றி இறுக்கமாகச் சுருட்டி வைத்த மிக நீண்ட டி.என்.ஏ இழை. ஒரு கலத்துக்குள் இருப்பதையெல்லாம் விரித்து நீட்டினால் ஏறத்தாழ இரண்டு மீற்றர் வரும்.

அந்த இழையின் வடிவம், இரண்டு பக்கமும் பிடித்து முறுக்கிய ஏணி மாதிரி. ஏணியின் இரண்டு கால்களும் சீனியும் பொசுபேற்றும் மாறி மாறிக் கோத்தவை. படிகள்தான் முக்கியம். ஒவ்வொரு படியும் இரண்டு மூலங்கள் கைகோத்து உருவானது. மூலங்கள் நான்கு வகை: அடெனின், தைமின், குவானின், சைற்றோசின். அடெனின் தைமினோடுதான் சேரும். குவானின் சைற்றோசினோடுதான் சேரும். வேறு மாதிரிச் சேர்ந்தால் படி சரியாகப் பொருந்தாது. ஒரு முழுத் தொகுதியில் இப்படி ஏறத்தாழ 300 கோடிப் படிகள் இருக்கின்றன.

இந்த அமைப்பை 1953 ஏப்ரலில் 'நேச்சர்' சஞ்சிகையில் ஜேம்ஸ் வாட்சனும் பிரான்சிஸ் கிறிக்கும் வெளியிட்டார்கள். அவர்களுக்கு வழி காட்டிய முக்கியமான ஆதாரம், லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ரோசலிண்ட் பிராங்ளினின் ஆய்வில் எடுக்கப்பட்ட எக்ஸ் கதிர்ப் படம். அந்தப் படம் அவருக்குத் தெரியாமலேயே வாட்சனுக்குக் காட்டப்பட்டது. 1962 இல் நோபல் பரிசு வாட்சனுக்கும் கிறிக்குக்கும் மோரிஸ் வில்கின்சுக்கும் போனது. பிராங்ளின் 1958 இலேயே, 37 வயதில் இறந்துவிட்டார். யாருடைய உழைப்பு, யாருடைய பெயர், யாருடைய அனுமதி என்ற கேள்விகள் டி.என்.ஏயின் வரலாற்றில் முதல் நாளிலிருந்தே இருக்கின்றன. மாதிரி கொடுக்கப் போகும் அம்மாக்கள் பற்றிக் கதைக்கும்போது இந்தக் கேள்விகளுக்கே திரும்பி வருவோம்.

ஏணி வடிவத்தால் என்ன பயன்? ஒரு பக்கத்தைப் பார்த்தால் மற்றப் பக்கத்தை எழுதிவிடலாம். கலம் பிரியும்போது ஏணி நடுவால் பிரிகிறது. ஒவ்வொரு பாதியும் தனக்கான மற்றப் பாதியைக் கட்டிக்கொள்கிறது. ஒன்று இரண்டாகிறது, இரண்டும் பழையதைப் போலவே. ஒரு தனிக் கலத்திலிருந்து ஒரு முழு மனிதர் வருவதும், இலையிலும் மீனிலும் பற்றீரியாவிலும் உயிர் தொடர்வதும் இந்தப் பிரதி எடுப்பால்தான். படிகளின் ஒழுங்கை வாசித்துத்தான் கலம் புரதங்களைச் செய்கிறது. இரத்தத்தில் ஒட்சிசன் காவுகிற ஈமோகுளோபினும், சாப்பாட்டைச் சமிக்கச் செய்கிற நொதியங்களும் அப்படிச் செய்யப்பட்டவை. ஆனால் மனித டி.என்.ஏயில் புரதத்துக்கான நேரடிக் குறிப்பாக இருப்பது நூற்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. மிச்சத்தில் ஒரு பகுதி, எந்தப் பரம்பரையலகு எப்போது வேலை செய்ய வேணும் என்பதைக் கட்டுப்படுத்துகிறது. இன்னும் கனக்கப் பகுதிகளில் ஒரே சிறு துண்டு திரும்பத் திரும்ப வருகிறது. ஆளை அடையாளம் காண உதவுவது இந்தத் திரும்பத் திரும்ப வருகிற பகுதிதான்.

அம்மாவின் பாதி, அப்பாவின் பாதி

எந்த இரண்டு மனிதரை எடுத்தாலும் டி.என்.ஏ படிகளில் ஏறத்தாழ 99.9 வீதம் ஒரே மாதிரி. அடையாளம் காண்பவர்கள் முழு டி.என்.ஏயையும் வாசிப்பதில்லை. ஆளுக்கு ஆள் நன்றாக வித்தியாசப்படுகிற சில இடங்களை மட்டும் பார்க்கிறார்கள். உதாரணமாக ஒரு குறிப்பிட்ட இடத்தில், நான்கு மூலங்கள் கொண்ட ஒரு துண்டு ஒருவருக்கு 9 தடவை திரும்ப வரும், இன்னொருவருக்கு 12 தடவை. ஒவ்வொரு இடத்துக்கும் எங்களிடம் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று அம்மா வழி, மற்றது அப்பா வழி. இப்படி இருபது அளவிலான இடங்களை எண்ணினால் வருகிற எண் வரிசை, ஒரே கருவில் பிரிந்த இரட்டையரைத் தவிர வேறு இரண்டு பேருக்கு ஒன்றாக வருவது நடைமுறையில் இல்லை என்றே சொல்லலாம்.

இப்ப எலும்பிலிருந்து வந்த எண் வரிசையை எடுப்போம். அதில் ஒவ்வொரு இடத்திலும் ஒரு எண், காத்திருக்கும் அம்மாவின் எண்களில் ஒன்றாக இருக்க வேணும். மற்ற எண் அப்பாவினுடையதில் ஒன்றாக இருக்க வேணும். இரண்டு பேரும் இருந்தால் முடிவு உறுதியாக வரும். ஒருவர் மட்டும் இருந்தால் உறுதி குறையும், ஆனாலும் பெரும்பாலும் சொல்லலாம். இரண்டு பேருமே இல்லாமல் ஒரு சகோதரம் மட்டும் இருந்தால் சிக்கல் கூடும். சகோதரங்கள் சராசரியாகப் பாதியைத்தான் பகிர்கிறார்கள், எந்தப் பாதி என்பது அதிர்ஷ்டம். மாமா, சித்தி என்றால் காற்பங்கு. மச்சான், மச்சாள் என்றால் எட்டில் ஒன்று. உறவு தூரம் போகப் போக, அது உண்மையான பொருத்தமா தற்செயலா என்று பிரித்துச் சொல்வது கடினமாகும். பரிசோதிக்க வேண்டிய எலும்புகளும் குடும்பங்களும் ஆயிரக்கணக்கில் இருந்தால் இன்னும் கடினம்.

ஒரு அம்மா மாதிரி கொடுக்காமல் இறக்கும்போது நடப்பது இதுதான். அவருடைய பாதி போய்விடுகிறது. பிறகு அதைச் சுற்றி வளைத்து, மிச்ச உறவுகளிடமிருந்து ஊகித்துக் கட்ட வேண்டியிருக்கிறது.

அப்படிக் கட்டுவதும் முடியாத காரியம் இல்லை. இங்கிலாந்தின் லெஸ்ரர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெப்ரீஸ் 1984 இல் டி.என்.ஏ அடையாள முறையைக் கண்டறிந்தார். அது முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது கொலை வழக்கில் இல்லை, ஒரு குடிவரவுப் பிரச்சினையில். கானாவிலிருந்து பிரித்தானியாவுக்குத் திரும்பிய ஒரு பையன், தாயின் சொந்த மகன்தானா என்று அதிகாரிகள் சந்தேகப்பட்டார்கள். அப்பாவின் மாதிரி கிடைக்கவில்லை. தாயையும் மற்றப் பிள்ளைகளையும் வைத்து அப்பாவின் பங்கைக் கணித்து, அவன் அந்தக் குடும்பத்தின் பிள்ளைதான் என்று 1985 இல் நிறுவினார்கள். டி.என்.ஏ முதலில் செய்த வேலை ஒரு பிள்ளையைத் தாயிடம் சேர்த்தது. ஆனால் கவனியுங்கள், அங்கே தாய் உயிரோடு இருந்தார், சகோதரங்கள் மூன்று பேர் இருந்தார்கள்.

இலங்கையிலும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. 2004 சுனாமியில் தப்பிய ஒரு குழந்தை கல்முனை வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டு, 'பேபி 81' என்று உலகம் முழுக்க அறியப்பட்டது. பிள்ளைகளைத் தொலைத்த பல பேர் அது தங்கட பிள்ளை என்று வந்ததாக அன்றைய செய்திகள் சொல்லின. நீதிமன்றம் டி.என்.ஏ பரிசோதனைக்குக் கட்டளையிட்டது. 2005 பெப்ரவரியில் குழந்தை பெற்றோரிடம் போனது. ஒப்பிட ஆக்கள் இருந்தபடியால் சில கிழமைகளில் முடிந்த வேலை அது.

எலும்புக்குள் எவ்வளவு காலம்?

டி.என்.ஏ அழியாதது என்று ஒரு நினைப்பும் இருக்கிறது. அது சரியில்லை. ஆள் இறந்தவுடன், பிரதி எடுத்துத் திருத்துகிற வேலை நின்றுவிடும். தண்ணீரும் சூடும் நுண்ணுயிர்களும் இழையைத் துண்டு துண்டாக வெட்டத் தொடங்கும். குளிர்ப் பிரதேசத்தில் இது மெதுவாக நடக்கும். எங்கட வெக்கையிலும் மாரி மழையிலும் கெதியாக நடக்கும். எரிந்த எலும்பென்றால் இன்னும் மோசம். தசை போன பிறகு எலும்பும் பல்லும்தான் கடைசிப் பாதுகாப்பு. அவற்றின் கனியுப்பு அமைப்புக்குள் டி.என்.ஏ ஒட்டிக்கொண்டு தாக்குப்பிடிக்கும். தொடை எலும்பு, பல், காதுக்குப் பின்னால் உள்ள மண்டையோட்டின் கடினமான பகுதி ஆகியவற்றை ஆய்வாளர்கள் தேடுவது அதனால்தான்.

கருவிலுள்ள டி.என்.ஏ சிதைந்துபோனாலும் இன்னொரு வழி இருக்கிறது. கலத்துக்குச் சக்தி தருகிற இழைமணிகளுக்குள் தனியாக ஒரு சின்ன டி.என்.ஏ வளையம் இருக்கிறது. அதில் ஏறத்தாழ 16,500 படிகள்தான். ஆனால் ஒரு கலத்துக்குள் நூற்றுக்கணக்கில், சிலவேளை ஆயிரக்கணக்கில் பிரதிகள் இருப்பதால் எலும்பில் மிஞ்சும் வாய்ப்புக் கூட. அது தாயிடமிருந்து மட்டும் வருகிறது. அம்மா, அம்மம்மா, அம்மாவின் சகோதரங்கள், அக்காவின் பிள்ளைகள் எல்லாரும் அநேகமாக அதே வளையத்தைக் காவுகிறார்கள். அதனால் அதை மட்டும் வைத்து ஆளைச் சொல்ல முடியாது, தாய்வழியைச் சொல்லலாம். அதேபோல அப்பாவிலிருந்து மகனுக்குப் போகும் வை நிறமூர்த்தம் தந்தைவழியைச் சொல்லும்.

எலும்பு ஒரு பக்கம் மண்ணுக்குள் கரைகிறது. உறவுகள் மறுபக்கம் வீடுகளுக்குள் முதுமையடைகிறார்கள். மண்ணுக்குள் நடப்பதை உடனே நிறுத்த எங்களால் ஏலாது. வீட்டுக்குள் இருக்கிறவர்களிடம் போக எங்களால் ஏலும்.

அம்மம்மாமார் செய்து காட்டியது

இதைச் செய்தவர்கள் இருக்கிறார்கள். ஆர்ஜென்ரீனாவில் 1976 முதல் 1983 வரை இராணுவ ஆட்சி. கடத்தப்பட்டவர்களில் கர்ப்பிணிகளும் இருந்தார்கள். அவர்களுக்குத் தடுப்பில் பிறந்த பிள்ளைகளையும், பெற்றோரோடு பிடிபட்ட சின்னப் பிள்ளைகளையும் வேறு குடும்பங்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். இப்படிக் காணாமல்போன பிள்ளைகள் 500 அளவில் என்பது பேரப்பிள்ளைகளைத் தேடிய பாட்டிமாரின் கணக்கு. 1977 இல் அமைப்பாகச் சேர்ந்த அந்தப் பாட்டிமார் விஞ்ஞானிகளிடம் போய் ஒரு கேள்வி கேட்டார்கள்: நடுவில் உள்ள பெற்றோர் இல்லாமல், எங்கட இரத்தத்தை வைத்து எங்கட பேரப்பிள்ளையைக் கண்டுபிடிக்க ஏலுமா?

அமெரிக்க மரபியலாளர் மேரி கிளையர் கிங் உள்ளிட்டோர் அதற்கான கணக்கை உருவாக்கினார்கள். தாய்வழி மட்டும் வருகிற இழைமணி டி.என்.ஏ இங்கே பெரிய உதவி செய்தது, ஏனென்றால் அம்மம்மாவினதும் பேரப்பிள்ளையினதும் ஒன்றுதான். 1987 இல் பாட்டிமாரின் வற்புறுத்தலால் சட்டம் மூலம் தேசிய மரபியல் தரவு வங்கி உருவானது. அவர்கள் தங்கட இரத்தத்தைக் கொடுத்து வைத்தார்கள். பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாத நேரத்தில் கொடுத்தார்கள். பிறகு பாட்டிமாரில் பலர் இறந்துபோனார்கள். ஆனால் முப்பது, நாற்பது வயதான பேரப்பிள்ளைகள் சந்தேகம் வந்து தாங்களாகப் பரிசோதிக்க வந்தபோது, ஒப்பிடுவதற்கு வங்கியில் பாட்டியின் பதிவு இருந்தது. 2025 வரை 140 பேரை அப்படி அடையாளம் கண்டிருக்கிறார்கள்.

பொஸ்னியா இன்னொரு பாடம். 1995 யூலையில் ஸ்ரெப்ரெனிகாவில் ஏறத்தாழ 8,000 ஆண்களையும் பையன்களையும் கொன்று புதைத்தார்கள். பிறகு தடயத்தை மறைக்க இயந்திரங்களால் குழிகளைக் கிண்டி உடல்களை வேறிடங்களுக்கு மாற்றினார்கள். ஒருவருடைய எலும்புகளே இரண்டு மூன்று குழிகளில் கிடந்தன. உடுப்பு, பல் என்று பார்த்து அடையாளம் காண்பது நடக்கவில்லை. உறவினர்களிடமிருந்து ஆயிரக்கணக்கில் இரத்த மாதிரிகளை எடுத்து, ஒவ்வொரு எலும்பையும் அவற்றோடு ஒப்பிட்ட பிறகுதான் வேலை நகர்ந்தது. இன்று அவர்களில் ஏறத்தாழ 7,000 பேருக்குப் பெயர் திரும்பக் கிடைத்திருக்கிறது.

எங்கட நாட்டில் 2025 ஓகஸ்டில் செம்மணியில் கிடைத்த உடுப்புகளையும் பொருட்களையும் மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். அது தேவையான வேலை. ஆனால் ஒரே மாதிரிப் புத்தகப் பையும் ஒரே மாதிரிச் சட்டையும் எத்தனை பிள்ளைகளிடம் இருந்திருக்கும்? பொருள் ஒரு வழியைத் திறக்கும், உறுதிப்படுத்த ஒப்பீடு வேணும். ஒப்பிடுவதற்கு உறவினர்களின் மாதிரிகளை முழுமையாகச் சேர்த்து வைத்த ஒரு வங்கி இன்னும் எங்களிடம் இல்லை.

டி.என்.ஏ சொல்லாதவை

சமூக ஊடகத்தில் குழம்புகிற இரண்டு விசயங்களையும் இங்கே பிரித்துச் சொல்ல வேணும்.

ஒன்று, காலக்கணிப்பு வேறு, டி.என்.ஏ வேறு. 2018 இல் மன்னார் நகரில் வெளிவந்த புதைகுழியின் எலும்பு மாதிரிகள் அமெரிக்காவுக்குக் காபன் காலக்கணிப்புக்கு அனுப்பப்பட்டன. அவை 1404 முதல் 1635 வரையான காலத்தவை என்று 2019 இல் முடிவு வந்தது. அந்த முடிவைப் பற்றிய வாதங்கள் ஒரு பக்கம் இருக்கட்டும். அது 'எப்போது' என்ற கேள்விக்கான பரிசோதனை. 'யார்' என்ற கேள்விக்கு அது பதில் தராது.

மற்றது, "டி.என்.ஏ எடுத்தால் அவை தமிழ் ஆக்கள் என்று தெரியும்" என்று எழுதுகிறார்கள். அப்படி ஒரு படியிலும் எழுதியிருக்காது. இந்தத் தீவில் வாழ்கிற சமூகங்கள் நூற்றாண்டுகளாகக் கலந்து வாழ்ந்தவை, எங்கட டி.என்.ஏயின் பெரும்பகுதி பொதுவானது. இன்னார் 'சுத்தமான இரத்தம்' என்கிற கதைக்கும், சாதி உயர்வு தாழ்வுக் கதைக்கும் அதில் இடமே இல்லை. டி.என்.ஏயால் உறுதியாகச் சொல்லக்கூடியது மிகச் சின்ன ஒரு விசயம்: இந்த எலும்பு இந்த அம்மாவின் பிள்ளையினுடையது. எங்களுக்குத் தேவையானதும் அதுதான். 2012 இல் மாத்தளை வைத்தியசாலை வளவில் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வந்தபோது தெற்கில் காத்திருந்த சிங்கள அம்மாக்களுக்கும் தேவைப்பட்டது அதுதான். உறவினர் மாதிரி வங்கி என்ற கோரிக்கையில் வடக்கும் தெற்கும் ஒன்றாக நிற்க இடமிருக்கிறது.

பயம் நியாயமானது

"மாதிரி குடுத்தா பிள்ளை செத்துப்போனான் எண்டு நாங்களே ஒத்துக்கொண்ட மாதிரி ஆயிடும்" என்று அம்மாக்கள் சொல்வதை அறியாமை என்று ஒதுக்கக்கூடாது. கையால் பிடித்து ஒப்படைத்த பிள்ளைக்கு மரணச் சான்றிதழ் வாங்கு, நட்டஈடு எடு, விட்டுவிடு என்று வருடக்கணக்காகக் கேட்டு வந்தவர்கள் அவர்கள். ஆணைக்குழு ஆணைக்குழுவாக ஏறி இறங்கியவர்கள். 2016 இன் சட்டப்படி உருவாகி 2018 இல் இயங்கத் தொடங்கிய காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தையும் பல உறவினர்கள் நம்பவில்லை. அந்த நம்பிக்கையீனத்துக்குக் காரணங்கள் இருக்கின்றன.

வேறு பயங்களும் நியாயமானவை. கொடுத்த மாதிரி பொலிசிடம் போகுமா? நாளைக்கு வேறு வழக்குக்குப் பாவிப்பார்களா? பரிசோதனையில் ஒரு குடும்பத்தின் உள்விசயம் வெளியே வந்துவிடுமா? வளர்த்த பிள்ளையைச் சொந்தப் பிள்ளையாகவே நினைத்துத் தேடுகிற அம்மாக்களும் இருக்கிறார்கள். டி.என்.ஏக்கு வளர்ப்பு தெரியாது. அப்படியான வீட்டுக்கு முடிவை எப்படிக் கொண்டு போவது?

அதோடு, "பெயரைக் கண்டுபிடிச்சுக் குடுத்திட்டு கோவையை மூடிவிடுவாங்கள்" என்ற வாதமும் இருக்கிறது. எங்கட பார்வையில் அது மறுபக்கமாகத்தான் வேலை செய்யும். பெயரில்லாத எலும்பை வைத்து வழக்கு நடத்துவது கடினம். பெயர் வந்தால் கடைசியாக எங்கே, யாரோடு காணப்பட்டார் என்ற சாட்சியம் அந்த எலும்போடு வந்து சேரும். அடையாளம் காண்பது நீதிக்குப் பதிலாக வரக்கூடாது, நீதிக்கு ஆதாரமாக வர வேணும். மாதிரி கொடுப்பது மரணத்தை ஒப்புக்கொள்வது இல்லை. ஆர்ஜென்ரீனாவின் பாட்டிமார் இரத்தம் கொடுத்தது பிள்ளைகள் உயிரோடு இருக்கிறார்கள் என்று நம்பித்தான்.

ஆகவே எங்கட கோரிக்கைகள் இவை. மாதிரிகள் காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடுவதற்கு மட்டும் என்று சட்டத்தில் எழுத வேணும். பொலிஸ், பாதுகாப்புத் தரப்பு எவருக்கும் அந்தத் தரவு போகக்கூடாது. சர்வதேச நிபுணர்களும் உறவினர்களின் பிரதிநிதிகளும் மேற்பார்வையில் இருக்க வேணும். ஒவ்வொரு மாதிரியிலும் இன்னொரு பிரதி வேறு நம்பகமான இடத்தில் இருக்க வேணும். விரும்பாதவர் கொடுக்காமல் இருக்கவும், கொடுத்தவர் திரும்பப் பெறவும் உரிமை வேணும். 2022 இன் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் மரபியல் தரவை விசேட வகையாகக் கணிக்கிறது, அதிலிருந்து தொடங்கலாம். மாதிரி எடுப்பதும் பெரிய காரியம் இல்லை. கன்னத்தின் உட்பக்கம் பஞ்சுக் குச்சியால் தடவினால் போதும், அல்லது விரல் நுனியில் ஒரு துளி இரத்தம். விசேட அட்டையில் காயவைத்த இரத்தப் பொட்டு, குளிரூட்டி இல்லாமலே வருடக்கணக்கில் இருக்கும். கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருக்கிற சகோதரங்களிடமும் எடுக்கலாம். 2009 இல் முழுக் குடும்பமாகப் போனவர்களுக்கு அந்தத் தூரத்து உறவுகள்தான் மிச்சம்.

எங்கட வேலை

இதில் ஆய்வுகூட வேலை ஒரு பங்குதான். மிச்சப் பெரிய பங்கு மொழியும் சட்டமும் நம்பிக்கையும் சம்பந்தப்பட்டது. சம்மதப் படிவத்தை ஒரு அம்மம்மாவுக்கு விளங்குகிற தமிழில் யார் எழுதுவது? "99.99 வீதம்" என்று வருகிற முடிவுக்கு என்ன அர்த்தம் என்று வீட்டில் இருந்து யார் சொல்வது? பிள்ளையின் உயரம், முறிந்த எலும்பு, கட்டிய பல், கடைசியாகப் போட்டிருந்த உடுப்பு என்பவற்றை அம்மாவின் நினைவில் இருக்கும்போதே யார் பதிவு செய்வது? அந்தப் பதிவும் டி.என்.ஏயோடு சேர்த்து ஒப்பிடப்படுகிற ஆதாரம்தான். எந்தெந்தக் குடும்பத்தில் யார் யார் மிச்சம் என்ற வம்ச விபரத்தை யார் வரைவது? இவையெல்லாம் சமூகவியல், மொழியியல், வரலாறு, சட்டம் படிக்கிறவர்களின் வேலைகள். பயோ படிச்ச நண்பர்களும் நாங்களும் ஒரே மேசையில் இருந்து செய்ய வேண்டிய வேலைகள்.

எங்கட ஒன்றியங்கள் வருடத்துக்கு எத்தனையோ நிகழ்வுகள் செய்கின்றன. அதில் ஒன்றாவது, மருத்துவ பீடத்தாரையும் சட்டத்தரணிகளையும் உறவினர் சங்கங்களையும் ஒன்றாக இருத்தி இந்த விசயத்தைத் தமிழில் கதைக்கிறதாக இருக்கட்டும். முதலில் அம்மாக்கள் கேட்கட்டும், எங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுவோம். அடுத்த குழி வெளிவரும்போது "டி.என்.ஏ ரெஸ்ற் எடுத்தா தெரிஞ்சிடும்தானே" என்று பதிவு போடுவதோடு நிற்காமல், "யாரோட ஒப்பிடப் போறீங்கள், அவையின்ர மாதிரி இருக்கா?" என்று கேட்கிற ஒரு தலைமுறை வேணும். அந்தக் கேள்வியை இண்டைக்கே கேட்டால், பதில் சொல்ல இன்னும் கொஞ்ச அம்மாக்கள் இருக்கிறார்கள்.